பிழையை அளந்த கணித சாஸ்திரி

நூறு ரூபாயை மூன்று குழந்தைகளுக்குச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 33 ரூபாய் 33 காசு கொடுத்த பிறகும் ஒரு காசு மிஞ்சி நிற்கும். அந்த ஒரு காசை நாம் பொருட்படுத்துவதில்லை. அதனால் குடி முழுகிப் போவதுமில்லை. ஆனால் இதே பங்கீட்டை ஒரு நாளைக்குக் கோடி தடவை செய்யும் கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு காசை விட்டுக்கொண்டே வந்தாரானால், அந்தக் காசுகளெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தன என்று நாம் கேட்காமல் இருக்க முடியுமா?

கம்ப்யூட்டர் என்று நாம் அழைக்கும் கணக்கு யந்திரம் அப்படிப்பட்ட கணக்கப்பிள்ளைதான். அது எண்களை இத்தனை ஸ்தானம் வரையில்தான் வைத்துக்கொள்ளும். அதற்கு மேற்பட்டதை ஒவ்வொரு பெருக்கலிலும் வகுத்தலிலும் தள்ளிவிடும். தள்ளியது அற்பமானதுதான். ஆயினும் அற்பம் சேர்ந்து அனர்த்தம் விளைவதும் உண்டு. 1991-ம் வருஷம் பிப்ரவரி 25-ந் தேதி, வளைகுடா யுத்தத்தின்போது, ஸவூதி அரேபியாவில் தஹ்ரான் என்னுமிடத்தில் அமெரிக்கர் நிறுத்தியிருந்த ஏவுகணைத் தடுப்புச் சாதனம் எதிரியின் ஏவுகணையைக் குறிபார்க்கத் தவறியது. 28 சிப்பாய்கள் மாண்டனர். விசாரித்துப் பார்த்தபோது, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு என்ற எண்ணை அந்த யந்திரம் முழுமையாக எழுத முடியாமல் கடைசியில் கொஞ்சம் வெட்டி வைத்திருந்தது தெரிந்தது. 100 மணி நேரம் இடைவிடாமல் ஓடியதில் அந்தத் துளிப் பிழை ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்காக வளர்ந்துவிட்டது. அதற்குள் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடுமல்லவா?

இத்தகைய பிழைகளை அஞ்சி ஒதுங்காமலும், அலட்சியம் செய்து விடாமலும், அவற்றை அளந்து பார்ப்பதையே தம் வாழ்நாள் வேலையாகக் கொண்ட மனிதர் ஒருவர் இருந்தார். ஜேம்ஸ் ஹார்டி வில்கின்ஸன் என்பது அவர் பெயர். இன்றைக்கு மழை வருமா வராதா என்று கணிக்கிறவரும், பாலம் கட்டுகிறவரும், விமானத்தின் சிறகை வகுக்கிறவரும் அவருக்குக் கடன்பட்டவர்களே. அவருடைய சரித்திரத்தைச் சிறிது பார்ப்போம்.

பால் வியாபாரியின் மகன்

வில்கின்ஸன் 1919-ம் வருஷம் செப்டம்பர் 27-ந் தேதி, இங்கிலாந்தில் கெண்ட் பிரதேசத்தைச் சேர்ந்த ஸ்ட்ரூட் என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் பால் வியாபாரி. குடும்பம் பெரியது, செல்வம் சிறியது. பையனுடைய புத்தி கூர்மைதான் அந்த வீட்டின் ஆஸ்தி. பதினொன்றாவது வயதில் அவருக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. பக்கத்து ஊரான ராசெஸ்டரில், கணிதப் பள்ளிக்கூடம் என்றே பெயர் பெற்ற ஒரு பழைய பாடசாலையில் சேர்ந்தார். பதினாறு வயது முடிவதற்குள் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த டிரினிடி கலாசாலையின் உபகாரச் சம்பளத்தையும் பெற்றுவிட்டார்.

டிரினிடி கலாசாலை என்றதும் நமக்கு ஓர் ஞாபகம் வராமற்போகாது. கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீநிவாஸ ராமானுஜன் 1914-ல் கப்பலேறிச் சென்று, 1919-ல் உடல் நலிந்து தாய்நாடு திரும்பும்வரையில் ஆராய்ச்சி செய்த இடம் அதுதான். அவரை அங்கே வரவழைத்த பேராசிரியர் ஹார்டி, ராமானுஜன் புறப்பட்டு வந்த அதே ஆண்டில் பிறந்த இந்த வில்கின்ஸனுக்கும் பாடம் சொன்னார். வில்கின்ஸனின் பெயரில் நடுவே நிற்கும் 'ஹார்டி' அவருடைய தாயார் பிறந்த குடும்பத்தின் பெயர். பேராசிரியருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பேராசிரியர் ஹார்டி தூய கணிதத்தின் உபாசகர். தாம் கண்டுபிடித்த எதுவும் உலக விவகாரங்களுக்கு உபயோகப்படாது என்பதில் ஒருவிதப் பெருமை கொண்டவர். அவரைப் போன்றவர்களிடம் படித்த வில்கின்ஸனும் அதே வழியில்தான் போக விரும்பினார். 1939-ல் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் உலக யுத்தம் மூண்டது. இளைஞருடைய திட்டமெல்லாம் தலைகீழாக மாறியது.

பன்னிரண்டு சமன்பாடுகள்

யுத்த காலத்தில் கணிதம் அறிந்தவர்களுக்குத் துப்பாக்கி தூக்கும் வேலையை விடத் துப்பாக்கிக் குண்டு எங்கே விழும் என்று கணக்கிடும் வேலையே கிடைத்தது. வில்கின்ஸன் முதலில் கேம்பிரிட்ஜிலும், பிறகு 1943 முதல் ஆயுத ஆராய்ச்சி இலாகாவிலும் குண்டுகளின் பாதையையும் வெடிமருந்தின் இயல்பையும் கணக்கிட்டு வந்தார். அங்கே ஒருநாள் அவர் முன்னால் 12 சமன்பாடுகள் வந்து சேர்ந்தன. அறிய வேண்டிய எண்களும் 12.

இரண்டு சமன்பாடுகளில் இரண்டு அறியாத எண்களைக் கண்டுபிடிப்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமான விஷயம். பன்னிரண்டு என்றால்? கலாசாலையில் கற்றுக் கொடுக்கும் நேர்த்தியான சூத்திரம் ஒன்று உண்டு. அதைக் கையாண்டால் 13 பெரிய கோவைகளைக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு கோவையிலும் 47 கோடியே 90 லட்சம் உறுப்புக்கள் இருக்கும்! ஆயுள் முழுவதும் உட்கார்ந்தாலும் முடியாது. ஆகையால் வில்கின்ஸன் சூத்திரத்தை வைத்துவிட்டு, ஒவ்வொரு அறியாத எண்ணாக விலக்கிக்கொண்டே போகும் பழைய முறையைக் கைக்கொண்டார். ஜெர்மானியக் கணித மேதை காஸ் என்பவரின் பெயரால் வழங்கும் இம்முறையைச் சீனர்கள் சுமார் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

கையால் சுழற்றும் கணக்கு யந்திரத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து ஸ்தானம் வைத்து வேலையைத் தொடங்கினார். கணக்கு முன்னேற முன்னேற அவருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. எண்களின் முன் ஸ்தானங்கள் ஒவ்வொன்றாய்க் கழிந்துபோய், கடைசிச் சமன்பாட்டில் மிகச் சிறிய எண் ஒன்றே மிஞ்சியது. பத்து ஸ்தானத்தில் ஆறு ஸ்தானம்கூடச் சரியாக இருக்குமா என்பது சந்தேகமாயிற்று. எப்படியோ விடைகளைக் கண்டுபிடித்துவிட்டு, அவற்றை முதல் சமன்பாட்டில் போட்டுச் சரி பார்த்தார். பத்து ஸ்தானமும் பொருந்தியது! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று எண்ணினார். இரண்டாவது சமன்பாட்டில் போட்டார், பொருந்தியது. மூன்றாவதிலும், நாலாவதிலும், கடைசியாகப் பன்னிரண்டாவதிலும் அப்படியே பொருந்தியது. ஆறு ஸ்தானங்களுக்கு மேல் நம்பத் தகாத விடைகள் பத்து ஸ்தானம் வரையில் எப்படிப் பொருந்தின? இந்தக் கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை. ஆனால் அது அவர் மனத்தை விட்டு அகலவுமில்லை.

ட்யூரிங்கின் பக்கத்தில்

யுத்தம் முடிந்தது. கேம்பிரிட்ஜுக்குத் திரும்பித் தூய கணிதத்தில் ஆழ்ந்துவிடுவதென்று வில்கின்ஸன் எண்ணியிருந்தார். அச்சமயம், யுத்த காலத்தில் உடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர், லண்டனுக்கு அடுத்த டெட்டிங்டனில் இருந்த தேசீய பௌதிக ஆராய்ச்சிச் சாலைக்கு அவரை அழைத்தார். அங்கே ஆலன் ட்யூரிங் என்ற மேதை எலக்ட்ரானிக் கணக்கு யந்திரம் ஒன்றுக்குத் திட்டம் வகுத்துக்கொண்டிருந்தார். அவரைச் சந்தித்துப் பேசியதும் வில்கின்ஸனின் எண்ணம் மாறியது. 1946-ம் வருஷம் மே மாதம் அந்தச் சாலையில் சேர்ந்தார். கொஞ்ச காலம் இருந்து பார்க்கலாமென்று வந்தவர் 34 வருஷம் அங்கேயே தங்கிவிட்டார்.

பாதி நாள் ட்யூரிங்குடனும், மற்றப் பாதி நாள் மேஜை யந்திரங்களில் கணக்குப் போடும் பகுதியிலும் அவருக்கு வேலை. ட்யூரிங்குக்குப் பிறர் எழுதியதைப் படிப்பதைவிட எல்லாவற்றையும் அடியிலிருந்து தாமே கண்டுபிடிப்பதில்தான் பிரியம். அப்படிப்பட்டவரிடம் வேலை பார்ப்பது எளிதன்று. ஆனால் அதைப்போன்ற கல்வியும் வேறில்லை.

வில்கின்ஸன் சேர்ந்த சிறிது காலத்தில் மீண்டும் ஒரு சமன்பாட்டுக் கூட்டம் வந்து சேர்ந்தது. இந்தத் தடவை 18. ட்யூரிங், வில்கின்ஸன், பாக்ஸ், குட்வின் ஆகிய நால்வரும் முறை வைத்துக்கொண்டு மேஜை யந்திரங்களைச் சுழற்றினார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் பெருக்கல்கள். முடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. முயற்சி தோல்வியில்தான் முடியுமென்று ட்யூரிங் நிச்சயமாக நம்பியிருந்தார். நடந்தது என்ன? முன் கண்ட அதிசயம் திரும்பவும் நடந்தது. விடைகளைச் சமன்பாடுகளில் போட்டபோது, யந்திரம் வைத்திருந்த கடைசி ஸ்தானம் வரையில் பொருந்தின. காக்கையும் பனம்பழமும் இரண்டு தடவை ஒத்துப்போகுமா?

இந்தக் கேள்வியின் முக்கியத்துவத்தை உணர, அக்காலத்து நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1943-ல் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ஹோட்டலிங் என்பவர், சமன்பாடு ஒன்று கூடும்போதெல்லாம் பிழை நான்கு மடங்காகப் பெருகக்கூடும் என்று கணித்திருந்தார். நாலு, பதினாறு, அறுபத்து நாலு என்று ஏறுகிற அந்தக் கணக்கின்படி பார்த்தால், நூறு சமன்பாடுகளுக்கு எந்த யந்திரமும் பயன்படாது. கோடிக் கணக்கில் செலவிட்டுக் கட்டப்போகும் மாபெரும் யந்திரங்கள் பெரிய கணக்குகளில் வெறும் குப்பையைத்தான் கொட்டுமோ என்ற பயம் அறிஞர்களைப் பீடித்திருந்தது. 1947-ல் வான் நாய்மனும் கோல்ட்ஸ்டைனும், 1948-ல் ட்யூரிங்கும் இந்தப் பயம் மிகையானது என்று தம் தம் வழியில் எடுத்துக் காட்டினார்கள். எனினும் அதைச் சாதாரண எஞ்ஜினியரும் நம்பிக் கையாளும்படி தெளிவாக்கும் வேலை பாக்கியிருந்தது.

இதற்கிடையில் யந்திர வேலை தாமதப்பட்டுக்கொண்டே போயிற்று. ட்யூரிங் மனம் சலித்து 1948-ல் ஆராய்ச்சிச் சாலையை விட்டு விலகினார். அவர் வகுத்த திட்டத்தைச் சுருக்கி, ஒரு சிறு மாதிரி யந்திரமாவது கட்டிவிடுவதென்று வில்கின்ஸனும் நண்பர்களும் முனைந்தார்கள். கணித சாஸ்திரிகள் என்று ஒதுங்கி நிற்காமல், யந்திரத்தின் பாகங்களை இணைக்கும் வேலையிலும் கலந்துகொண்டார்கள். சுமார் 800 வால்வுகளும், பாதரசம் நிரப்பிய குழாய்களும் கொண்டது அந்த யந்திரம். எண்கள் பாதரசத்தில் ஒலி அலைகளாய் ஓடிக்கொண்டிருக்கும்; அதுவே அதன் ஞாபக சக்தி. 1950-ம் வருஷம் மே 10-ந் தேதி, வரிசையாக விளக்குகள் ஒன்றன் பின் ஒன்றாக எரியும்படி எழுதிய மிகச் சிறிய கட்டளைத் தொகுதி ஒன்றை அதற்குள் செலுத்தினார்கள். விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. 'பைலட் ஏஸ்' என்ற அந்த யந்திரம் பிறந்த நாள் அதுவே. இப்போது அது லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் இருக்கிறது.

தலைகீழான கேள்வி

இனி, வில்கின்ஸன் கண்ட உண்மைக்கு வருவோம். அது பெரிய கணிதமென்று வாசகர்கள் பயப்பட வேண்டாம். கல்யாண வீட்டுக் கணக்கு ஒன்றைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

ஒரே கடையில் இரண்டு தடவை சாமான் வாங்கினோம். முதல் தடவை ஓர் எலுமிச்சம்பழமும் ஒரு வாழைப்பழமும் சேர்ந்து 10 ரூபாய். இரண்டாம் தடவை 100 எலுமிச்சம்பழமும் 101 வாழைப்பழமும் சேர்ந்து 1,005 ரூபாய். பழம் ஒவ்வொன்றும் என்ன விலை? நூறு ஜோடிக்கு 1,000 ரூபாய் போக, மீதி 5 ரூபாய் அந்த ஒற்றை வாழைப்பழத்தின் விலை. ஆகவே எலுமிச்சம்பழமும் 5 ரூபாய்தான். இதில் சந்தேகமில்லை.

இந்தக் கணக்கைப் போட்ட நம் கணக்கப்பிள்ளை, வாழைப்பழம் 5 ரூபாய் 50 காசு, எலுமிச்சம்பழம் 4 ரூபாய் 50 காசு என்று விடை கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பத்து வீதம் தவறு! உடனே அவரைக் கோபித்துக்கொள்ளத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அவருடைய விடையைப் பட்டியலில் போட்டுப் பார்ப்போம். முதல் பட்டியல் 10 ரூபாய், சரியாகப் பொருந்துகிறது. இரண்டாவது பட்டியல் 1,005 ரூபாய் 50 காசு வருகிறது. அதாவது, பட்டியல் 1,005 ரூபாய் 50 காசு என்றிருந்தால் அவர் விடை அணுவளவும் பிசகாத விடை. கடைக்காரர் ஐம்பது காசைத் தள்ளுபடி செய்துவிட்டு முழு ரூபாயாக எழுதியிருக்க மாட்டார் என்று யார் சொல்ல முடியும்? பட்டியல் 1,010 ரூபாய் என்றிருந்தாலோ, வாழைப்பழம் 10 ரூபாய், எலுமிச்சம்பழம் இனாம் என்று விடை வந்திருக்கும்! ஆயிரத்தில் ஐந்து ரூபாய் மாறினால் விலை முழுவதுமே தலைகீழாகிவிடுகிறது. குற்றம் கணக்கப்பிள்ளையினிடத்தில் இல்லை. கணக்கின் சுபாவத்திலேயே இருக்கிறது.

அதுவரையில் எல்லோரும் கேட்ட கேள்வி, "கிடைத்த விடை உண்மையான விடையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது?" என்பது. வில்கின்ஸன் அதைத் தலைகீழாகத் திருப்பி, "கிடைத்த விடை எந்தக் கணக்குக்கு முற்றும் சரியான விடை? அந்தக் கணக்கு நம் கையிலுள்ள கணக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது?" என்று கேட்டார். கேள்வி திரும்பியதும் இருள் விலகியது. சமன்பாடுகளைத் தக்க வரிசையில் மாற்றிக்கொண்டு, பெரிய எண்ணால் வகுக்கும்படி பார்த்து விலக்கிக்கொண்டு போனால், யந்திரம் தரும் விடை பெரும்பாலும் நம் கணக்குக்கு மிக மிக நெருங்கிய மற்றொரு கணக்கின் சரியான விடையாகவே இருக்கும் என்று காட்டினார். முன்பு 12 சமன்பாடுகளிலும் 18 சமன்பாடுகளிலும் விடைகள் கடைசி ஸ்தானம் வரை பொருந்திய அதிசயத்துக்கு இதுவே காரணம். பிழை பெருகக்கூடிய விபரீதமான உதாரணங்கள் ஏட்டில் உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் தொழிலில் வருகிற கணக்குகளில் அவை வருவது மிக அபூர்வம் என்பதையும் அனுபவத்தில் கண்டு சொன்னார்.

இதனால் விளைந்த நன்மை யாது? முறையின் குற்றம் வேறு, கணக்கின் குற்றம் வேறு என்று பிரித்துப் பார்க்க வழி ஏற்பட்டது. முறை நல்லதாக இருந்தும் விடை ஆட்டம் கொடுக்குமானால், யந்திரத்தைத் திட்டிப் பயனில்லை. அளவுகளை இன்னும் நுட்பமாக எடுத்து வர வேண்டும், அல்லது கேள்வியையே வேறுவிதமாக அமைக்க வேண்டும் என்று எஞ்ஜினியருக்குத் தெரிந்துவிடும்.

துரோகம் செய்த கோவை

இந்தப் பாடத்தை அவர் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. பைலட் ஏஸ் யந்திரம் ஓடத் தொடங்கிய காலத்தில், தாம் எழுதிய கட்டளைத் தொகுதியைப் பரீட்சை செய்வதற்காக மிக எளிதானதென்று தோன்றிய ஒரு சமன்பாட்டை அதற்குக் கொடுத்தார். 1, 2, 3 என்று தொடங்கி 20 வரையிலுள்ள எண்களையே விடைகளாகக் கொண்ட சமன்பாடு அது. விடை முன்னமே தெரியும். யந்திரம் அதைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. யந்திரமோ கண்டபடி எண்களைக் கொடுத்தது. கட்டளையில் பிழை இருக்கிறதென்று வில்கின்ஸன் தேடித் தேடிப் பார்த்தார். பிழை எதுவும் அகப்படவில்லை.

உண்மையில் குற்றம் சமன்பாட்டினிடத்திலேயே இருந்தது. அதை விரித்து எழுதினால் அதில் 210 என்று ஓர் எண் வரும். அந்த எண்ணை ஒன்றில் 83 லட்சத்தில் ஒரு பங்கு அளவு மட்டும் மாற்றினால் போதும். இருபது விடைகளில் பத்து விடைகள் எண் கோட்டிலேயே இல்லாமல் மறைந்து, கற்பனை எண்களாய் மாறிவிடுகின்றன! இருபது என்ற விடை ஏறக்குறைய 20.85 என்று நகர்ந்துவிடுகிறது. கண்ணுக்குச் சாதுவாய்த் தோன்றிய கோவை இப்படித் துரோகம் செய்யுமென்று யார் எதிர்பார்த்தார்கள்? தம் தொழிலில் அடைந்த அதிர்ச்சிகளில் இதுவே பெரியது என்று அவர் முதிய வயதில் எழுதினார்.

அதிர்ச்சியோடு அவர் நின்றுவிடவில்லை. பாலமானாலும் விமானச் சிறகானாலும் ஒவ்வொன்றுக்கும் இயல்பான அதிர்வுகள் உண்டு. காற்றின் வேகம் அவ்வதிர்வுகளோடு கூடிக்கொண்டால் சிறகு ஒடிந்துபோகும். எந்த வேகம் ஆபத்தானது என்று அறிய, எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி, அந்த அடுக்கிலிருந்து ஐகன் மதிப்புகள் என்னும் எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பாடப் புத்தகங்கள் சொன்ன வழி, அந்த அடுக்கை மேற்சொன்னது போன்ற நீண்ட சமன்பாடாக மாற்றி விடை காண்பது. அந்த வழியில் கண்ணி வைத்திருக்கிறது என்பதை வில்கின்ஸனின் அனுபவம் உலகுக்கு அறிவித்தது. சமன்பாடாக மாற்றாமல், எண் அடுக்கையே படிப்படியாகத் திருப்பி எளிதாக்கும் புதிய முறைகள் பிறந்தன. அவற்றில் தலையானதை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஜான் பிரான்ஸிஸ் என்பவரும், லெனின்கிராடில் வேரா குப்ளனோவ்ஸ்கயா என்னும் மாதரசியும் ஒருவரையொருவர் அறியாமலே கண்டுபிடித்தார்கள். அம்முறையை ஆராய்ந்து, அதன் வலிமையை எடுத்துரைத்து, உலகெங்கும் வழங்கச் செய்தவர்களில் முதன்மையானவர் வில்கின்ஸன்.

எல்லோருக்குமான முறைகள்

1963-ல் கணக்கீட்டுப் பிழைகளைப் பற்றியும், 1965-ல் ஐகன் மதிப்புகளைப் பற்றியும் அவர் இரண்டு நூல்கள் எழுதினார். இரண்டாவது நூலை இத்துறையில் உள்ளவர்கள் வேதம்போல் மதித்தார்கள். 1971-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ரைன்ஷ் என்பவருடன் சேர்ந்து, அதுவரை பரீட்சித்துத் தேர்ந்த முறைகளையெல்லாம் கட்டளைத் தொகுதிகளாகவே அச்சிட்டு வெளியிட்டார். ஒளித்து வைத்த சூத்திரம் ஒன்றும் அதில் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தம் யந்திரத்தில் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஆர்கான் ஆராய்ச்சிச் சாலையார் அவற்றை வேறு கணக்கு மொழியில் பெயர்த்து, 1970-ஐ அடுத்த வருஷங்களில் 'ஐஸ்பாக்' என்ற பெயரால் உலகுக்கு வழங்கினார்கள். அதன் வழித்தோன்றல்களே இன்று சர்வகலாசாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கின்றன. நம் ஊர் எஞ்ஜினியரிங் கலாசாலை மாணவர்கள் கையாளும் 'மாட்லாப்' என்ற சாதனமும் அந்த வம்சத்தில் வந்ததுதான்.

கௌரவங்களும் அவரைத் தேடி வந்தன. 1969-ல் ராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். ராமானுஜன் 1918-ல் பெற்ற கௌரவம் அதுவே. மறு வருஷம், கம்ப்யூட்டர் துறையில் மிக உயர்ந்ததெனக் கருதப்படும் விருது அவருக்குக் கிடைத்தது. அதன் பெயர் என்ன தெரியுமா? ட்யூரிங் விருது! எந்த மனிதருடன் இரண்டு வாரம் உட்கார்ந்து மேஜை யந்திரத்தைச் சுழற்றினாரோ, அந்த மனிதரின் பெயரால் ஏற்பட்ட விருது. ட்யூரிங் 1954-லேயே காலமாகிவிட்டார். விருது பெற்றபோது செய்த பிரசங்கத்தில் வில்கின்ஸன் தம் சாதனைகளைப் பற்றிப் பேசியதைவிட, அந்தப் பழைய 12 சமன்பாடுகளையும் 18 சமன்பாடுகளையும், அந்த விசித்திரமான நண்பரையும் பற்றிப் பேசியதே அதிகம்.

1980-ல் ஆராய்ச்சிச் சாலையிலிருந்து ஓய்வு பெற்றார். அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலைக்கும் பல முறை சென்று மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். 1986-ம் வருஷம் அக்டோபர் 5-ந் தேதி, டெட்டிங்டனில் 67-வது வயதில் காலமானார். அவர் பெயரால் ஏற்பட்ட பரிசு, சிறந்த கணக்கீட்டுச் சாதனங்களை ஆக்குவோருக்கு 1991-ல் முதன்முதலாக வழங்கப்பட்டது.

ஆயிரம் சமன்பாடுகளைத் தீர்க்க 33 கோடிப் பெருக்கல்கள் தேவை. இன்று நம் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அது கண்ணிமைக்கும் நேரத்து வேலை. வானிலை அறிக்கையிலும், மருத்துவமனையில் உடலின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் சாதனத்திலும், மனிதரைப்போல் பேசும் புதிய யந்திரங்களிலும் உள்ளே நடப்பது இத்தகைய எண் அடுக்குகளின் கணக்குத்தான். அவ்வளவு கோடிப் பெருக்கல்களிலும் கடைசி ஸ்தானம் வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கிறது. எனினும் நாம் அந்த விடைகளை நம்பி விமானத்தில் ஏறுகிறோம். அந்த நம்பிக்கை குருட்டு நம்பிக்கையாக இல்லாமலிருப்பதற்கு, பாதையில் வேலி கட்டி வைத்தவர்களில் வில்கின்ஸன் முக்கியமானவர்.

பிழையே செய்யாத கணக்கப்பிள்ளை உலகத்தில் இல்லை. "நான் பிழையே செய்ய மாட்டேன்" என்று சொல்லுகிறவரிடம் பெட்டிச் சாவியைக் கொடுப்பதற்கு நாம் யோசிப்போம். "இதோ விடை, இதில் இவ்வளவுக்கு மேல் பிழை இராது, அதற்கு மேல் தவறினால் பட்டியலைப் பாருங்கள்" என்று கணக்கைத் திறந்து காட்டுகிறவரிடம் தயங்காமல் கொடுக்கலாம். யந்திரங்களை அப்படிப்பட்ட கணக்கப்பிள்ளைகளாக ஆக்குவதற்கே அந்தப் பால் வியாபாரியின் மகன் நாற்பது வருஷம் பாடுபட்டார். அடுத்த தடவை வீட்டுக் கணக்கில் ஒரு காசு மிஞ்சி நிற்கும்போது அவரை நாம் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.